யாருடைய வலப்பக்கம்? காகிள்ஸ் அணிந்து கேமரா டிரோன் ஓட்டிய கதை

வெயிலில் டிரோன் ஓட்டியவர்களுக்கெல்லாம் அந்தக் கழுத்துவலி பழக்கமானதாக இருக்கும். இரண்டு கட்டைவிரல்களையும் ரிமோட்டின் ஸ்டிக்குகளிலிருந்து எடுக்க முடியாது. கைப்பேசித் திரையிலோ நம் சட்டையின் நிறமும் தலைக்கு மேலுள்ள வானமும்தான் பிரதிபலிக்கும். ஆகவே தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, நம் உடம்பாலேயே திரைக்கு நிழல் செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரு கறுப்புத் துண்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு நான் படமெடுத்த நாட்களும் உண்டு. பழைய ஸ்டூடியோக்களில் மூன்றுகால் பெட்டிக் கேமராவின் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்ற புகைப்படக்காரர்கள் செய்ததும் இதைத்தான். துணிக்குள் இருந்தவருக்குப் படம் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பது தெரியவில்லை. டிரோன் கேமராவின் படத்தைக் கண்ணுக்கு முன்னாலேயே காட்டும், முகத்தில் மாட்டிக்கொள்ளும் காகிள்ஸை நான் வாங்கியபோது இவ்விரண்டில் முதலாவதை மட்டுமே நினைத்திருந்தேன்.

பந்தய டிரோன் ஓட்டுபவர்களுக்குக் காகிள்ஸ் இல்லாமல் பறத்தலே இல்லை. என்னைப் போல நிதானமாகப் பறந்து நிலக்காட்சிகளைப் படமெடுப்பவர்களுக்கு அது கட்டாயமில்லை; கைப்பேசியோ, திரையுள்ள ரிமோட்டோ போதும். அப்படியிருந்தும் நான் அதை வாங்கியது ஃபிரேமின் ஓரங்களைப் பார்ப்பதற்காக. ஆறு அங்குலத் திரையில், அதுவும் வெயிலில், படத்தின் நடுவில் இருப்பதைத்தான் கண் பார்க்கிறது. ஓரத்தில் நுழைந்துவிட்ட ஒரு மின்கம்பத்தையோ, வெளிச்சம் மிகுந்து வெளுத்துப்போன மேகத்தையோ வீட்டுக்கு வந்து கணினியில் போட்ட பிறகுதான் கண்டுபிடிப்போம். காகிள்ஸ் இந்தக் குறையைத் தீர்த்துவைத்தது, அதை நான் மனதாரச் சொல்வேன்.

அதன் உள்ளே இருப்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு திரைகள், அவற்றின் முன்னால் இரண்டு லென்ஸ்கள். திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அவ்வளவு அருகில் உள்ள பொருளின் மேல் மனிதக் கண்ணால் குவியம் வைக்க முடியாது என்பதால், லென்ஸ் அந்தப் படத்தைச் சில மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோல் காட்டுகிறது. டிரோன் நிறுவனமான டிஜேஐ 2017-ல் வெளியிட்ட அதன் முதல் காகிள்ஸ், தலைப்பட்டையோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ எடை கொண்டது. 2022-ல் வந்த காகிள்ஸ் 2 சுமார் 290 கிராம்தான். பின்னதின் பார்வைக் கோணம் 51 பாகை. எண்ணாகச் சொன்னால் இது மனதில் நிற்காது; மூன்று மீட்டர் தள்ளி வைத்த, மூலைக்கு மூலை ஏறத்தாழ 2.9 மீட்டர் நீளமுள்ள திரையைப் பார்ப்பதற்குச் சமம் என்று கணக்கிட்டுக்கொண்டால் விளங்கும். பார்வைக் கோணம் பெரிதாக இருந்தால் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். திரையில் உள்ள அதே 1080பி தரத்துப் புள்ளிகளை இன்னும் அகலமாக விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், படத்தின் கூர்மை குறையும். பந்தயம் விடுபவருக்கு அகலம் வேண்டும். ஃபிரேம் பார்ப்பவருக்குக் கூர்மை வேண்டும். என் கணக்கில் 45 பாகைக்கும் 50 பாகைக்கும் இடைப்பட்டது போதும்.

கண்ணுக்குப் பொருத்துவது தனி வேலை. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களில் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். லென்ஸ்களை அந்தத் தூரத்துக்கு நகர்த்தாமல் அணிந்தால் பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும், காரணம் புரியாது. கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் திருகி மாற்றிக்கொள்ளும் டையாப்டர் வசதி சில காகிள்ஸ்களில் இருக்கிறது; ஆனால் சிதறல் பார்வைக்கு (அஸ்டிக்மாடிசம்) அந்தத் திருகால் பயனில்லை, அதற்குத் தனியாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்த வேண்டும், அல்லது மூக்குக்கண்ணாடியோடு அணியும்படி அமைந்த பெரிய காகிள்ஸ்களை நாட வேண்டும். எனக்கு இரண்டும் உண்டு: கிட்டப்பார்வை, சிறிது சிதறல். இதைப் பொருட்படுத்தாமல் முதல் மாதம் முழுவதும் டிரோன் கேமராவின் குவியத்தில் ஏதோ கோளாறு என்று நம்பி, பறக்கும்போதெல்லாம் குவியத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு என் கண்ணில் இருந்தது. கேமரா சரியாக எடுத்த காட்சிகளைத் திருத்துகிறேன் என்று நானே மங்கலாக்கியிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. காகிள்ஸில் தெரிவது பதிவாகும் படம் அல்ல. டிரோனில் உள்ள நினைவக அட்டையில் 4கே தரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது, வானொலி அலை வழியே நமக்கு வருவது அதைச் சுருக்கி அழுத்திய ஒரு நகல். அடர்ந்த இலைகளுக்கு மேலோ, சிற்றலை ஓடும் நீருக்கு மேலோ பறந்தால் அந்த நகல் குழைந்துவிடும், ஏனெனில் ஒவ்வொரு கணமும் மாறும் நுண்ணிய விவரங்களைச் சுருக்குவதுதான் மிகக் கடினம். எனவே ஃபிரேம் அமைப்புக்கும் நகர்வின் வேகத்துக்கும் காகிள்ஸை நம்பலாம். கூர்மைக்கு நம்பக் கூடாது. வெளிச்சத்துக்கு, படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத்தான் நம்ப வேண்டும்.

அணிந்த முதல் நாள் நின்றுகொண்டே ஓட்டினேன். டிரோனை இடப்பக்கம் திருப்பியதும் என் உடம்பும் இடப்பக்கம் சாய்ந்தது. அது சாய்ந்ததே எனக்குத் தெரியவில்லை. அருகிலிருந்த என் தம்பி தோளைப் பிடித்து நிறுத்தினான். கண் நகர்கிறது என்று சொல்கிறது, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு நகரவில்லை என்று சொல்கிறது; இவ்விரண்டு சாட்சிகளும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. கப்பலின் அடித்தட்டில் இருப்பவருக்கு இது தலைகீழாக நடக்கிறது, அவருடைய கண்ணுக்கு அறை அசையவில்லை, செவிக்கு அசைகிறது. அன்று முதல் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன். இரண்டு வாரத்தில் குமட்டல் போய்விட்டது, நாற்காலி போகவில்லை.

இந்தக் குமட்டல் பந்தய டிரோனில் இன்னும் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். அதில் கேமரா உடலோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். டிரோன் சாய்ந்தால் தொடுவானமும் சாயும். கேமரா டிரோனில் அப்படியல்ல. கேமராவைத் தாங்கி நிலைப்படுத்தும் மூன்று அச்சு கிம்பல், டிரோன் எப்படிச் சாய்ந்தாலும் தொடுவானத்தைக் கோடுபோட்டதுபோல் வைத்திருக்கும். படமெடுக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் காகிள்ஸ் அணிந்து ஓட்டுபவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பற்றி விற்பனை விளம்பரங்களில் ஒரு சொல்லும் கிடையாது.

காற்று வீசும்போது டிரோன் காற்றை எதிர்த்துச் சாய்ந்துகொண்டுதான் ஓரிடத்தில் நிற்கிறது. தரையிலிருந்து நேரில் பார்த்தால் அந்தச் சாய்வும் சிறு உதறலும் மோட்டாரின் குரல் மாறுவதும் தெரியும். அனுபவசாலிகள் இவற்றை வைத்தே காற்றின் வலுவை அளந்துவிடுவார்கள். காகிள்ஸுக்குள் இவை எதுவும் வராது. ஒலி இல்லை, சாய்வைக் கிம்பல் விழுங்கிவிட்டது, தெரிவதெல்லாம் குளத்து நீர்போல் அமைதியான ஒரு காட்சி. ஒருமுறை காற்றின் போக்கிலேயே 600 மீட்டர் போய், அங்கே கிடைத்த மாலை வெளிச்சத்தில் மெய்மறந்துவிட்டுத் திரும்பினேன். சாதாரண முறையில் என் டிரோனின் உச்ச வேகம் விநாடிக்கு 10 மீட்டர். எதிர்க்காற்று விநாடிக்கு 7 மீட்டர் வீசினால் தரையைப் பொறுத்து மிஞ்சுவது 3 மீட்டர். ஒரு நிமிடத்தில் வந்து சேர வேண்டிய தூரத்துக்கு 200 விநாடி ஆகும். அன்று அப்படித்தான் ஆனது. படம் அப்போதும் அமைதியாகவே இருந்தது. மூலையில் இருந்த வேக எண் மட்டும் 3-ஐத் தாண்டவில்லை, பேட்டரி எண் இறங்கிக்கொண்டிருந்தது. உயரத்தைக் குறைத்தால் காற்று குறையும் என்பது நினைவுக்கு வந்ததால் தாழப் பறந்து வந்து, பேட்டரி 11 சதவீதம் இருக்கும்போது தரையிறக்கினேன். இப்போதெல்லாம் பறப்பின் முதல் பாதியை எதிர்க்காற்றில்தான் வைக்கிறேன், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும் என்று.

தாமதத்தைப் பற்றிப் பந்தயக்காரர்கள் பேசும் அளவுக்குக் கேமரா டிரோன்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வழக்கமான கேமரா டிரோன்களில் படம் வந்து சேர 100 முதல் 200 மில்லி விநாடி வரை ஆகலாம். காகிள்ஸுக்கென்றே வடிவமைத்த புதிய இணைப்புகளில் அது 30 மில்லி விநாடி அளவுக்கு இறங்கியிருக்கிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 150 மில்லி விநாடி என்பது ஒன்றரை மீட்டர். அதாவது நாம் பார்க்கும் மரம், பார்க்கும் அந்தக் கணத்தில் ஒன்றரை மீட்டர் நெருங்கிவிட்டது. திறந்தவெளியில் இதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கிளைகளுக்கு இடையே நுழைய நினைப்பவர் மட்டும் தன் டிரோனின் எண் என்ன என்று பார்த்துவிட்டு நுழையலாம்.

பழைய அனலாக் காகிள்ஸில் சிக்னல் குறையத் தொடங்கினால் படத்தில் பனி தூவும். பனி அடர்த்தியாகும்போது ஓட்டுபவர் தானாகத் திரும்பிவிடுவார். டிஜிட்டல் இணைப்பு கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டுக் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதோடு சில அமைப்புகளில் ஆன்டெனா காகிள்ஸிலேயே இருப்பதால், தலையைத் திருப்பினாலோ மடியைப் பார்த்துக் குனிந்தாலோ அதன் திசையும் மாறுகிறது. இடையில் நம் தலையே வந்து நிற்கிறது. கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஒரே படம் இருப்பதால் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற உணர்வு மெல்ல மறைந்துவிடும் என்பதை அணிந்தவர்கள்தான் அறிவார்கள். இதற்காகவே நாற்காலியைப் பறக்கப்போகும் திசை நோக்கிப் போட்டு, முதுகை அதில் நன்றாகச் சாய்த்து உட்காருகிறேன்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன்.

கேமரா டிரோனில் எல்லோரும் விரும்பி எடுக்கும் ஷாட் ஒன்று உண்டு: ஒரு பொருளுக்கு மிக அருகில் தொடங்கி, டிரோன் பின்னோக்கியே பறந்து விலக விலக, சுற்றியுள்ள பரப்பு முழுவதும் விரிந்துகொண்டே வரும். காகிள்ஸில் அந்த விரிவைப் பார்ப்பது ஓர் இன்பம். ஆனால் டிரோன் போகும் திசையில் நமக்குக் கண் இல்லை, முதுகுப்பக்கமாகவே ஓடுகிறோம். ஒருநாள் ஒரு பாறையிலிருந்து தொடங்கி எங்களை விட்டு விலகிப் பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தேன். டிரோனின் முகம் எங்களை நோக்கி இருந்தது. வேகத்துக்காக ஸ்போர்ட் முறைக்கு மாற்றியிருந்ததால் தடை உணரிகள் அணைந்திருந்தன. தம்பி பக்கத்தில் நின்று டிரோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வலப்பக்கம் மரம்!" என்று கத்தினான்.

நான் உடனே இடப்பக்கம் ஒதுக்கினேன். காகிள்ஸுக்குள் இருப்பவனுக்கு வலம், இடம் என்பதெல்லாம் டிரோனுடையவை. டிரோன் எங்களை நோக்கி இருந்தபோது அதன் இடப்பக்கம் என்பது தம்பியின் வலப்பக்கம். அவன் எந்த மரத்தைச் சொன்னானோ அதற்குள்ளேயே நேராகக் கொண்டுபோய்ச் சொருகினேன். பதிவான காட்சி இன்னும் என்னிடம் இருக்கிறது: பாறை சிறுத்து, நீர்ப்பரப்பு விரிந்து, மிக அழகாகப் போய்க்கொண்டிருக்கும் ஃபிரேமின் ஓரத்தில் நான்கைந்து இலைகள் எட்டிப்பார்க்கின்றன, அடுத்த விநாடி வானமும் தரையும் மாறி மாறி வருகின்றன. இரண்டு புரொப்பெல்லர்கள் உடைந்தன, கிம்பலின் கை வளைந்தது. தம்பி மேல் கோபப்பட்டேன், அது நியாயமில்லை என்பது இரவுக்குள் விளங்கிவிட்டது. அவன் சொன்னது சரி, நான் செய்ததும் சரி; எங்களுக்குள் மொழிதான் இல்லை.

அதன் பிறகு உட்கார்ந்து சொற்களை வகுத்துக்கொண்டோம். வலம், இடம் என்ற இரண்டு சொற்களையும் விலக்கிவிட்டோம். அவற்றுக்குப் பதிலாகத் தரையில் உள்ளவற்றைச் சொல்வது: பாறைப்பக்கம், நீர்ப்பக்கம், பாதைப்பக்கம். பறப்பதற்கு முன் இருவரும் கை நீட்டி எது எந்தப் பக்கம் என்று ஒருமுறை சொல்லிக்கொள்வோம். அதையும்விட முக்கியமானது முதல் கட்டளை. ஆபத்து எதுவாக இருந்தாலும் அவன் முதலில் சொல்ல வேண்டியது "விடு" என்பதுதான். செயற்கைக்கோள் வழிகாட்டுதல் உள்ள கேமரா டிரோன், ஸ்டிக்குகளை விட்டவுடன் தானே நின்று மிதக்கும். பந்தய டிரோனுக்குக் கிடைக்காத இந்தச் சலுகை நமக்கு இருக்கும்போது, மரம் எந்தப் பக்கம் என்று விளக்குவதற்குள் காலத்தை இழப்பானேன்? இரண்டாவது சொல் "ஏற்று". மேலே என்பது காகிள்ஸுக்குள் இருப்பவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும் ஒரே திசை. மூன்றாவது "கழற்று". அதைச் சொன்னால் காரணம் கேட்காமல் காகிள்ஸைக் கழற்ற வேண்டும். வேறொரு விமானமோ, பறவைக் கூட்டமோ, எங்களை நோக்கி வரும் ஆளோ எதுவாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் சொந்த எச்சரிக்கை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2016-ல் நடைமுறைக்கு வந்த, சிறு டிரோன்களுக்கான பகுதி 107 விதிகள், மூக்குக்கண்ணாடி தவிர வேறு கருவியின் துணையில்லாத கண்ணால் டிரோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. ஓட்டுபவர் காகிள்ஸ் அணிந்தால் அந்தப் பொறுப்பைப் பார்வையாளர் ஒருவர் ஏற்க வேண்டும், அப்போதும் கழற்றினால் தன் கண்ணுக்கே தெரியும் தொலைவுக்குள்தான் ஓட்டுபவர் பறக்கவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலும் பார்வையாளர் ஓட்டுபவரின் அருகிலேயே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தொலைவு என்பது நாம் நினைப்பதைவிடச் சிறியது. 25 சென்டிமீட்டர் அகலமுள்ள டிரோன் 300 மீட்டருக்கு அப்பால், கையை நீட்டிப் பிடித்த விரல்நுனியில் அரை மில்லிமீட்டர் புள்ளி அளவுக்குத்தான் தெரியும். சாம்பல் நிற மேகத்தின் முன்னால் அதுவும் தெரியாது.

கழற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் கண் சில விநாடிகள் கூசும்; அதற்குப் பின்பும் வானத்தில் எங்கே தேடுவது என்று தெரியாது, ஏனெனில் அதுவரை நாம் மனதளவில் டிரோனுக்குள் இருந்தோம், அது நமக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. நான் கழற்றுவதற்கு முன் டிரோனை நிறுத்தி, கேமராவை எங்கள் பக்கம் திருப்பி, என் நாற்காலியை ஃபிரேமில் தேடிக் கண்டுபிடிக்கிறேன். அங்கே கறுப்புப் பெட்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைப் பார்ப்பது, அது நான்தான் என்று தெரிந்திருந்தும், இன்றுவரை சற்று விசித்திரமாகவே இருக்கிறது. தரையிறக்குவதை எப்போதும் கழற்றிய பிறகு, வெறுங்கண்ணால்தான்.

தலையசைத்தால் கேமராவும் அசையும் வசதியை நான் படமெடுக்கப் பயன்படுத்துவதில்லை. கழுத்து நடுங்குவது அத்தனையும் படத்தில் விழும். புதிய இடத்துக்குப் போனதும் சுற்றிப் பார்த்து ஷாட்டைத் தேர்வதற்கு மட்டும் அது நன்று.

கழற்றிய காகிள்ஸை லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வெயிலில் வைக்கவே கூடாது. திரையைப் பார்க்க உதவும் அதே லென்ஸ், பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். என் காகிள்ஸின் வலக்கண்ணில் மேல் மூலையில் கடுகளவு ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. பேட்டரி மாற்றுவதற்காக மடியில் வைத்திருந்த நேரத்தில் வந்தது. அணைந்திருந்தாலும் சுடும். பறக்கும்போது அந்தக் கறை வானத்தில்தான் விழும் என்பதால், தொலைவில் ஒரு பறவை நிற்கிறது என்று இன்னும் சில நேரம் ஏமாறுகிறேன்.

போன மாதம் தம்பி, "இன்னைக்கு நான் போட்டுக்குறேன், நீ பாரு" என்றான். முதன்முறையாகப் பார்வையாளன் வேலை எனக்கு வந்தது. அதை எளிதான வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன். கழுத்தை அண்ணாந்து, கண்ணிமைக்கத் தயங்கி, ஒரு புள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்; படம் எப்படி வருகிறது என்று ஒரு துளியும் தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மேகம் வெயிலை விட்டு விலகியது, நான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தேன், புள்ளியைக் காணவில்லை. "அண்ணா, வெளிச்சம் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. நான் "விடு" என்றேன்.